கோதாவில் நின்ற பையன்

விவேகானந்தர் என்றதும் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஒரே படம்தான். தலைப்பாகை, காவி அங்கி, மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். 1893, சிகாகோ. ஜனவரி 12 வந்தால் அந்தப் படத்துக்கு மாலை போடுகிறோம், ஒரு பேச்சுப்போட்டி நடத்துகிறோம், பரிசு கொடுக்கிறோம். அடுத்த நாள் லெக்சருக்கு ஓடிடுறோம்.

இந்தக் கட்டுரையில் வருவது அந்தப் படத்துக்கு 20 வருஷம் முந்தின பையன். வீட்டில் அவனைப் பிலே என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் நரேந்திரநாத் தத்தா. நண்பர்களுக்கு நரேன். கம்பு சுற்றினான், குஸ்தி போட்டான், பாக்ஸிங் கற்றான். இன்றைய பேச்சில் சொன்னால், அவன் ஒரு தற்காப்புக்கலை மாணவன்.

இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் சிலம்பம், களரி, சிலாட், டேக்வாண்டோ, முய்தாய் என்று ஏதாவது ஒரு வகுப்புக்குப் போயிருப்பீங்க? நிறைய பேர் இருப்பீங்க. சிலர் இன்னும் போய்க்கிட்டிருக்கீங்க. சிலர் ஓ லெவல் வந்ததும் நிறுத்தியிருப்பீங்க. அப்படிப்பட்ட நமக்கு இந்த நரேனைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தூரத்துப் பெயரும் இல்லை. லிட்டில் இந்தியாவில் நோரிஸ் ரோட்டுப் பக்கம் போனால், ராமகிருஷ்ண மிஷன் 1930களில் கட்டிய கட்டடம் இருக்கிறது. பையன்களுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்பிள்ளைகளுக்குச் சாரதாமணி பெயரிலும் அங்கே தமிழ்ப் பள்ளிகள் நடந்தன. நம்ம தாத்தா பாட்டி காலத்து ஆட்களைக் கேட்டால், அங்கே படித்தவர்கள் யாராவது இருப்பார்கள்.

முற்றத்தில் ஒரு கூடம்

நரேன் பிறந்தது 1863 ஜனவரி 12. ஊர் கொல்கத்தா, சிமுலியா வட்டாரம், கௌர் மோகன் முகர்ஜி தெரு. அப்பா விசுவநாத் தத்தா வக்கீல், நல்ல வருமானம். அம்மா புவனேசுவரி தேவி. கூட்டுக் குடும்பம், பெரிய வீடு, வீட்டுக்குள்ளேயே பூஜை மண்டபமும் முற்றமும் உண்டு. 1871-ல், எட்டு வயதில், வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் பள்ளியில் சேர்ந்தான்.

சும்மா இருக்கிற பையன் கிடையாது. முதலில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பூஜை மண்டபத்தில் ஒரு நாடகக் குழு ஆரம்பித்தான். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, மேடை போயிற்று. அடுத்து முற்றத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் போட்டான். அக்கம்பக்கத்துப் பையன்கள் எல்லாம் வந்தார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ஒருநாள் உறவுக்காரப் பையன் ஒருவன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். கூடத்துச் சாமான்களும் போயின.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பசங்களே செய்தால் இப்படித்தான் முடியும். இன்றைக்கு யூடியூப் பார்த்துவிட்டு வாய்ட் டெக்கில் பல்டி அடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். நரேன் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. முறையாகக் கற்றுத்தரும் இடத்தைத் தேடிப் போனான். அந்த இடம் நவகோபால் மித்ரரின் உடற்பயிற்சிக் கூடம்.

ஏன் அந்தக் கூடம் அங்கே இருந்தது

இந்த நவகோபால் மித்ரர் சுவாரசியமான மனிதர். ஊரில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் நேஷனல் நவகோபால். காரணம், எதை ஆரம்பித்தாலும் அதன் பெயரில் நேஷனல் என்று சேர்த்துவிடுவார். நேஷனல் பேப்பர், நேஷனல் ஜிம்னேசியம், கடைசியில் நேஷனல் சர்க்கஸ் கூட. 1867-ல் இந்து மேளா என்ற ஆண்டு விழாவைத் தொடங்கி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். உள்ளூர்க் கைத்தொழில், பாட்டு, மல்யுத்தம், கம்பு விளையாட்டு எல்லாம் அந்த மேளாவில் நடக்கும்.

அவருக்கு ஏன் இந்த வேகம்? வங்காளிகள் உடல் வலு இல்லாதவர்கள், கோழைகள், ஆண்மை இல்லாதவர்கள் என்று ஆங்கிலேயர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மெக்காலே 1841-ல் எழுதிய கட்டுரையில் இதை வெளிப்படையாகவே எழுதியிருந்தார். படித்த வங்காளிகள் பலர் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சமூகத்தைப் பற்றி வெளியாள் சொல்லும் குறையை, அந்தச் சமூகத்துப் பிள்ளைகளே கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நவகோபால் பதில் கட்டுரை எழுதுவதோடு நிற்காமல், கூடம் திறந்தார்.

அங்கே இரண்டு உலகமும் கலந்திருந்தது. ஒரு பக்கம் ஐரோப்பிய முறைச் சாமான்கள், சர்க்கஸில் தொங்குமே, அந்த டிரபீஸ் ஊஞ்சல் மாதிரி. இன்னொரு பக்கம் நம்ம ஊர் வித்தைகள், கம்பு, வாள், குஸ்தி. நீச்சலும் படகு வலிப்பதும் சேர்ந்துகொண்டன. நரேன் எல்லாவற்றிலும் இறங்கினான். அவனுக்கு ரொம்பப் பிடித்தது கம்பு.

கோதா மண்

குஸ்திக்கு நரேன் போனதாகச் சொல்லப்படும் இடம் அம்பு பாபுவின் அகாடா. முழுப்பெயர் அம்பிகா சரண் குகா. மஸ்ஜித்பாரி தெருவில் அந்த அகாடா இருந்தது. அம்பு பாபுவின் பேரன் கோபர் குகா பின்னால் 1921-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஆட் சாண்டலைத் தோற்கடித்து உலக லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அந்த மண்ணின் தரத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

அகாடா வாழ்க்கை எப்படி இருக்கும்? அதன் சொற்கள் நமக்குப் புதுசு கிடையாது. தண்ட் என்று வடக்கே சொல்வதை நாம் தண்டால் என்கிறோம். பைட்டக் நம்மிடம் பஸ்கி ஆயிற்று. உஸ்தாத் வஸ்தாது ஆனார். குஸ்தி போடும் குழியைக் கோதா என்கிறோம். தேர்தல் நேரத்துப் பத்திரிகையில் வேட்பாளர் கோதாவில் குதித்தார் என்று போடுவார்களே, அந்தக் கோதா இதுதான். தமிழ்நாட்டுப் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் சுற்றிய கர்லாக்கட்டையும் வடநாட்டு அகாடாவில் சுற்றும் கட்டையும் ஒரே குடும்பம்.

அகாடாவில் நாள் விடியற்காலையில் தொடங்கும். வந்த மாணவன் நேராகச் சண்டைக்குப் போக முடியாது. முதல் வேலை மண்வெட்டியை எடுத்துக் கோதா மண்ணைக் கொத்திப் பதமாக்குவது. மண் இறுகிக் கிடந்தால் விழுகிறவனுக்கு அடிபடும். மஞ்சளும் எண்ணெயும் கலந்து மண்ணைப் பக்குவப்படுத்துவதும் உண்டு. குனிந்து நிமிர்ந்து கொத்திக் கொத்தியே முதுகும் தோளும் சூடேறிவிடும். அதுதான் வார்ம்-அப். பிறகு லங்கோடு கட்டி, அனுமனைக் கும்பிட்டு, ஒரு பிடி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

பிறகு தண்டால், பஸ்கி. இன்றைக்கு இத்தனை, அடுத்த வாரம் கொஞ்சம் கூட என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஜிம்மில் இதைத்தான் புரோகிரெசிவ் ஓவர்லோட் என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள். அதற்கப்புறம் பிடி, உடைப்பு, வீழ்த்தல். எதிராளியின் எடை அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே விழுகிற வரைக்கும் அவனை அசைக்க முடியாது. அந்த எடையை ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டால் சின்னப் பையனும் பெரியவனைச் சாய்த்துவிடலாம். நாங்கள் முதல் வருஷம் ஸ்டாட்டிக்ஸ் பாடத்தில் படம் போட்டுப் படித்ததை, அவர்கள் மூக்கில் மண் ஏறி ஏறிப் படித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வீழ்த்துவதைவிட விழுவதுதான் அதிகம். புதிதாகச் சேர்ந்தவன் மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருப்பான். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது அவனை வீழ்த்தியவனின் வேலை. அடுத்த நாள் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதே மண்ணைக் கொத்த வேண்டும்.

இந்த உடற்பயிற்சி நாட்களில் நரேனுக்குக் கிடைத்த நண்பன் ராக்கால் சந்திர கோஷ். நரேனைவிட ஒன்பது நாள்தான் இளையவன், 1863 ஜனவரி 21-ல் பிறந்தவன். கிராமத்திலிருந்து படிக்கக் கொல்கத்தா வந்திருந்தான். குஸ்தியில் அவனும் சளைத்தவன் இல்லை. இவர்கள் பிற்பாடு தனித்தனியாகத் தட்சிணேசுவரம் போய், ஒரே குருவிடம் மறுபடியும் சந்தித்தார்கள். ராக்கால்தான் சுவாமி பிரம்மானந்தர், ராமகிருஷ்ண மடத்தின் முதல் தலைவர். விவேகானந்தர் தன் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் யாரிடம் ஒப்படைத்தார் என்று பார்த்தால், சின்ன வயதுப் பயிற்சித் தோழனிடம். கூடச் சேர்ந்து விழுந்து எழுந்தவனை நம்பலாம்னு அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பு முறிந்த நாள்

கம்பு வித்தையை நரேனுக்குச் சொல்லிக்கொடுத்த வஸ்தாதுகள் முஸ்லிம்கள். இந்து மேளா நடத்தியவரின் கூடத்தில், பிராமண, காயஸ்தப் பிள்ளைகளுக்கு முஸ்லிம் ஆசான்கள் கம்பு கற்றுத்தந்தார்கள். அதை யாரும் அதிசயமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. வித்தை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய்க் கைகட்டி நிற்பதுதான் முறை. சிங்கப்பூரில் சீன ஆசானிடம் வூஷுவும் மலாய் ஆசானிடம் சிலாட்டும் கற்கிற நம்ம பிள்ளைகளுக்கு இது புரியும்.

நரேனுக்குச் சுமார் பத்து வயதிருக்கும்போது ஒரு விழாவில் கம்பு விளையாட்டு நடந்தது. ஆட்டம் களைகட்டவில்லை. யார் வேண்டுமானாலும் என்னோடு ஆடலாம் என்று நரேன் சவால் விட்டான். வந்தவர் வயதிலும் வலுவிலும் பெரியவர், தேர்ந்த கை. கூட்டம் இந்தப் பையனுக்காகப் பயந்தது. கொஞ்ச நேரம் தட்டி விளையாடிவிட்டு, நரேன் போட்ட ஒரே வீச்சில் எதிராளியின் கம்பு இரண்டாக முறிந்தது. பாக்ஸிங்கிலும் முதல் பரிசாக ஒரு வெள்ளி வண்ணத்துப்பூச்சி வாங்கினான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

வழக்கமாக இந்த மாதிரிக் கதையோடு கட்டுரையை முடித்துவிடுவார்கள். வீரன், வெற்றி, கைத்தட்டல். ஆனால் நரேன் அந்தக் கூடத்தில் கற்றது என்ன என்பதைக் காட்டுவது, யாரையும் ஜெயிக்காத இன்னொரு நாள்.

விழுந்த சட்டம்

நவகோபாலின் கூடத்தில் டிரபீஸ் சட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. கனமான மரம். பசங்கள் எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. தெருவில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஓர் ஆங்கிலேய மாலுமி நின்றிருந்தார், வாட்டசாட்டமான ஆள். நரேன் போய் அவரிடம் உதவி கேட்டான். அவரும் சந்தோஷமாக வந்து கைகொடுத்தார்.

எங்கள் துறையில் முதலிலேயே சொல்லித்தருவார்கள்: ஒரு சட்டம் நின்றபிறகு பாதுகாப்பாகத்தான் இருக்கும், அதைத் தூக்கி நிறுத்துகிற அந்தச் சில நிமிஷம்தான் ஆபத்து. அன்றைக்கும் அதேதான் நடந்தது. பாதி எழும்பிய சட்டம் திடீரென்று நழுவி, மாலுமியின் தலையில் அடித்துவிட்டது. நெற்றி பிளந்து ரத்தம், ஆள் மயக்கம்.

செத்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். செத்தது வெள்ளைக்காரன், ஊரை ஆள்வதும் வெள்ளைக்காரன். போலீஸ் வரும், கேஸ் ஆகும், யார் தலையில் விழும் என்று சொல்லவே முடியாது. ஒரு நிமிஷத்தில் தெரு காலி. கூடத்துப் பையன்களில் பெரும்பாலானவர்களும் ஓடிவிட்டார்கள்.

நரேனும் ஒன்றிரண்டு நண்பர்களும் மட்டும் நின்றார்கள். நரேன் தன் வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டினான். முகத்தில் தண்ணீர் தெளித்தான், விசிறினான். மாலுமிக்கு நினைவு திரும்பியதும், பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரை வரவழைத்தார்கள், நவகோபாலுக்கும் ஆள் அனுப்பினார்கள். ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். அவர் தேறிக் கிளம்பும்போது, தெரிந்தவர்களிடம் காசு திரட்டி ஒரு தொகையும் கொடுத்து அனுப்பினான் நரேன்.

அந்தக் கூடத்தில் எத்தனை பேர் தண்டால் எடுத்தார்கள், எத்தனை பேர் கம்பு சுற்றினார்கள்! அன்றைக்கு நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வங்காளிகள் கோழைகள் என்று மெக்காலே எழுதியதற்கு நவகோபாலின் கூடம் தந்த உண்மையான பதில், முறிந்த கம்பைவிட இந்தக் கிழிந்த வேட்டிதான் என்று நான் நினைக்கிறேன். காப்பாற்றப்பட்டவர் ஆங்கிலேயர் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

உடம்பு கைவிடும்போது

இவ்வளவு பயிற்சி எடுத்தவர் நோயில்லாமல் வாழ்ந்தாரா? இல்லை. இதை மறைத்து எழுதினால் அது பொய்க்கதை ஆகிவிடும்.

1879-ல் நுழைவுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறி, பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மலேரியா வந்து வருகைப்பதிவு குறைந்துபோய், ஜெனரல் அசெம்பிளி கல்லூரிக்கு மாற வேண்டி வந்தது. அட்டென்டன்ஸ் பிரச்சினை விவேகானந்தரையும் விடவில்லை! 1881-ல் ஸ்ரீ ராமகிருஷ்ணரைச் சந்தித்தார். 1884 பிப்ரவரியில் அப்பா திடீரென்று இறந்தார். நன்றாக வாழ்ந்த குடும்பம் கடனில் மூழ்கியது. பட்டதாரியான நரேன் வெறுங்காலோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வீட்டில் இருக்கிற சோறு மற்றவர்களுக்குப் போதாது என்று, வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிப் பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. கம்பை முறித்த கைக்கு அன்றைக்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் குருவுக்குத் தொண்டைப் புற்றுநோய். காசிப்பூர்த் தோட்ட வீட்டில் இளைஞர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பணிவிடை செய்தார்கள். அந்த நோய் தொற்றுமோ என்று சிலருக்குள் பயம் பரவியது. கிட்டே போகத் தயங்கினார்கள். நரேன் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. குரு குடித்து மீதி வைத்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர்கள் முன்னாலேயே குடித்தார். அதற்குப் பிறகு பயப்பேச்சு எழவில்லை.

இதை நீங்களும் நானும் செய்யணும்னு அர்த்தமில்லை. தொற்றுநோய் நேரத்தில் முகக்கவசம் போடுவதுதான் சரி என்று கோவிட் நமக்குச் சொல்லித்தந்துவிட்டது. இங்கே பார்க்க வேண்டியது மனசு. மாலுமி விழுந்த தெருவில் நின்ற அதே பையன், 22, 23 வயதில் நோயாளியின் படுக்கை ஓரத்தில் நிற்கிறார்.

மாட்டுக்கு முன்னால் ஒரு கணக்கு

குரு 1886 ஆகஸ்டில் மறைந்தார். நரேன் துறவியானார், நாடு முழுக்க நடந்தார். 1892 டிசம்பரில் கன்னியாகுமரி. கடலுக்கு நடுவில் இருக்கும் பாறைக்குப் போகப் படகுக்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் நீந்தியே போனார் என்று சொல்வார்கள். நீச்சல் எங்கே கற்றார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

1893 மே 31-ல் பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு, பினாங்கு, பிறகு நம்ம சிங்கப்பூர். இங்கே அருங்காட்சியகத்தையும் தாவரவியல் தோட்டத்தையும் பார்த்தார். விசிறி மாதிரி விரியும் பனையையும், மங்குஸ்தான் பழம் இங்கே மலிந்து கிடப்பதையும், சென்னை நண்பர்களுக்கு ஜப்பானிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 30 வயது. யாருக்கும் தெரியாத ஒரு பயணியாக நம்ம ஊர் வழியாகப் போனவர், செப்டம்பரில் சிகாகோவில் பேசினார்.

1896-ல் இங்கிலாந்தில் ஒரு வயல்வெளி. விவேகானந்தர், மிஸ் மூல்லர், இன்னொரு ஆங்கிலேய நண்பர் மூவரும் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு காளை வெறியோடு பாய்ந்து வந்தது. நண்பர் மேட்டுப்பக்கம் ஓடிவிட்டார். மிஸ் மூல்லர் கொஞ்ச தூரம் ஓடிக் கீழே விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. விவேகானந்தர் போய் அவருக்கு முன்னால் கைகட்டி நின்றார். காளை சில அடி தூரத்தில் வந்து நின்றது, தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடியது என்று பிறகு கேட்டபோது, இந்த மாடு முட்டினால் நம்மை எவ்வளவு தூரம் தூக்கி எறியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இதைச் சகோதரி நிவேதிதை பதிவு செய்திருக்கிறார். எனக்கு விவேகானந்தரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். வேகம், கோணம், விழும் தூரம்! பயம் இல்லாத மனசுக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் கணக்கு வரும். கோதாவில் ஆயிரம் தடவை விழுந்தவருக்கு, விழப்போவதும் ஒரு கணக்குதான்.

கடைசி வருஷங்கள்

1897-ல் இந்தியா திரும்பியவருக்குச் சென்னையில் பெரிய வரவேற்பு. அங்கே பேசும்போதுதான் கீதையையும் கால்பந்தையும் சேர்த்து ஒரு கருத்து சொன்னார். கீதை வேண்டாம், பந்து விளையாடினால் போதும் என்று அதைப் பலர் தங்கள் வசதிக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். உடம்பில் கொஞ்சம் பலமும் நெஞ்சில் கொஞ்சம் துணிவும் இருப்பவனுக்குத்தான் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்பதே அவர் சொன்னதன் சாரம். கீதை நடப்பதே ஒரு போர்க்களத்தில்தானே? ஓடிப்போக நினைத்தவனை நிற்க வைப்பதுதானே அதன் தொடக்கம்?

1898-ல் கொல்கத்தாவில் பிளேக். பயத்தில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். டார்ஜிலிங்கில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த விவேகானந்தர் அந்த நேரத்தில் கொல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். பணம் இல்லாவிட்டால் மடத்துக்காக அப்போதுதான் வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார். 1899-ல் நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் குப்பங்களில் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்யும் வேலையை நடத்தினார்கள். மாலுமி விழுந்த தெருவில் ஒருவரைச் சுற்றி நடந்தது, இங்கே ஓர் ஊரைச் சுற்றி நடந்தது.

அதற்குள் அவர் உடம்பு தளர்ந்துவிட்டது. ஆஸ்துமா, நீரிழிவு, தூக்கமின்மை. 1902 ஜூலை 4-ல் பேலூர் மடத்தில் மறைந்தார். வயது 39. தண்டாலும் பஸ்கியும் நீண்ட ஆயுளுக்கு உத்தரவாதம் தரவில்லை. நீரிழிவு நம்ம சமூகத்தை எப்படிப் பிடித்திருக்கிறது என்று நம்ம வீட்டிலேயே பார்க்கிறோம், அதனால் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. ஆனால் அவர் கூடத்தில் சேர்த்துவைத்த ஒன்று, உடம்பு போன பிறகும் கூடவே இருந்தது. மற்றவர்கள் ஓடும்போது நிற்கிற பழக்கம்தான் அது.

நம்ம வகுப்புக்கு வருவோம்

நம்மில் பலருக்குப் பயிற்சி என்றால் இரண்டு கணக்குதான். ஒன்று, தேசிய சேவைக்கு முன்னால் ஐபிபிடி-யில் கோல்டு வாங்குவது. இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் போடுகிற மாதிரி உடம்பு. இரண்டும் தப்பில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், கொஞ்சம் வலு வந்ததும் அதை யாரிடமாவது காட்டிப் பார்க்கத் தோன்றும். காபிக்கடையில் முறைப்பு, நண்பனுக்காக என்று சொல்லி ஒரு கைகலப்பு, அப்புறம் போலீஸ் கேஸ், அம்மா அழுதுகொண்டு கோர்ட்டு வாசலில். நம்ம சமூகத்தில் இப்படிப் போன பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். பலம் இருந்தது, அதை எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியவில்லை.

நரேனின் கூடம் அதைச் சொல்லித்தந்தது, அதுவும் தனிப் பாடமாக இல்லை. மண் கொத்துவதில் இருந்தது, விழுந்தவனைத் தூக்கிவிடுவதில் இருந்தது. நம்ம சிலம்ப வகுப்பிலும் இவை இருக்கின்றன. ஆசான் வருவதற்கு முன்னால் தரையைக் கூட்டுவது, மண்ணைத் தொட்டு வணங்குவது, கம்புகளை எண்ணி அடுக்கி வைப்பது, புதிதாக வந்த சின்னப் பையனுக்கு நூறாவது தடவையாகக் காலடி காட்டுவது. நாம் இவற்றை வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிற சில்லறை வேலை என்று நினைத்து, எம்ஆர்டி பிடிக்கணும்னு நழுவிவிடுகிறோம். பயிற்சியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தேர்வு காரணமாக வகுப்பை விட்டவர்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது திரும்பிப் போங்க. போய்க்கொண்டிருப்பவர்கள் அரை மணி நேரம் முன்னாலேயே போய்த் தரையைக் கூட்டுங்க. தம்பி தங்கை யாராவது கால் சுளுக்கி உட்கார்ந்தால், உங்கள் முறை ஆட்டம் போனாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்க. ஐஸ் கட்டி வாங்கி வாங்க, வீட்டுக்குப் போன் போடுங்க, அவங்க அப்பா வருகிற வரைக்கும் இருங்க.

வரும் ஜனவரி 12-ல் விவேகானந்தர் படத்துக்கு மாலை போடும்போது, அந்தக் காவி அங்கிக்குள் கோதா மண் ஒட்டிய நரேனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்க. பேச்சுப்போட்டியோடு சேர்த்து ஒரு சிலம்ப நிகழ்ச்சியும் வைக்கலாமே என்று உங்கள் குழுக் கூட்டத்தில் கேட்டுப்பாருங்க. வைத்தால், சாமான் தூக்க நானும் வருகிறேன்.